விலைபோகாத பாட்டு: தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் வாழ்க்கை



 பாட்டு ஊழியத்தைப் பற்றி இந்த இதழில் எழுதும்படி நம் போதகர் ஐயா என்னிடம் சொன்னார்கள். நான் எழுத்தாளன் அல்ல. சிட்கோ எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை செய்து, ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டு நடத்துகிறவன். ஆனாலும் ஒரு மனுஷனுடைய வாழ்க்கை என்னோடு பேசினது. அதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சில மாதங்களுக்கு முன் வாலிபர் கூடுகை முடிந்ததும் ஒரு தம்பி என்னிடம் வந்து, செல்போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். பாடினவர் அமெரிக்கக் கறுப்பினத்தவரான சாம் குக். இந்தப் பாட்டுக்கு சோல் மியூசிக் என்று பேராம். சோல் என்றால் ஆத்துமா. அந்தக் குரலைக் கேட்டால் கல் நெஞ்சும் கரையும், அதை நான் மறுக்கவில்லை. இந்த சாம் குக் 1931-ல் ஒரு போதகருக்கு மகனாகப் பிறந்தவர். வருஷக்கணக்காய் ஒரு சுவிசேஷப் பாடல் குழுவில் பாடினவர். 1957-ல் அதை விட்டு உலகக் காதல் பாட்டுக்குப் போய்ப் பேரும் புகழும் சம்பாதித்தார். 1964 டிசம்பரில், 33-வது வயதில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து விடுதி ஒன்றில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். அவரை நியாயந்தீர்க்க நான் யார்? மனசு மட்டும் பாரமாயிற்று.

அந்தத் தம்பி கேட்டார்: நம்ம தமிழில் ஆத்துமாவையே உருக்குகிற மாதிரி பாடினவர்கள் யாராவது உண்டா அங்கிள், இல்லை எல்லாமே அங்கிருந்து வந்ததுதானா? அவருக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். உண்டு தம்பி. 1864-ல், அதாவது சாம் குக் மரிப்பதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே, தஞ்சாவூரில் கண் மூடினார் ஒரு பாடகர். அவர் பேர் வேதநாயகம் சாஸ்திரியார்.

தாயில்லாப் பிள்ளை

வேதநாயகம் 1774-ம் ஆண்டு செப்டம்பர் 7-ம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தகப்பனார் தேவசகாயம், தாயார் ஞானப்பூ. வேளாளர் குடும்பம். தகப்பனார் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு உபதேசியாராக ஊழியம் செய்து வந்தார். பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயசிலேயே தாயார் தவறிப் போனார்கள். தாயில்லாப் பிள்ளையின் ஏக்கம் எப்படிப்பட்டதென்று, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

1785-ல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். குளோரிந்தா அம்மையார் கட்டின சின்ன ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்ய வந்தார். இந்த சுவார்ட்ஸ் ஐயர் யார் தெரியுமா? 1726-ல் ஜெர்மானிய தேசத்தில் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து, கடைசி மூச்சு வரைக்கும் சொந்த தேசத்துக்குத் திரும்பிப் போகாத தேவமனுஷன். கல்யாணம் செய்யவில்லை, சொத்துச் சேர்க்கவில்லை. ஹைதர் அலியே இவரை நம்பித் தூது பேசினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயசுகூட நிரம்பாத இந்தப் பையனை அவர் பார்த்தார். பையனிடம் ஏதோ இருக்கிறதென்று கண்டுகொண்டு, தகப்பனாரிடம் கேட்டு, தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பிரியமானவர்களே, இங்கே கொஞ்சம் நின்று யோசிப்போம். ஆலயம் பிரதிஷ்டை செய்ய வந்த ஊழியக்காரர் ஆலயத்தை மட்டும் பார்க்கவில்லை, ஒரு பையனையும் பார்த்தார். நம் சபையில் கடைசிப் பாயில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையை நாம் பார்க்கிறோமா, இல்லை சத்தம் போடாதே என்று அதட்டிவிட்டுப் போகிறோமா?

குருவும் ராஜகுமாரனும்

தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பில் இன்னொரு பிள்ளையும் இருந்தார். தஞ்சை மராட்டிய அரசர் துளஜா தத்தெடுத்த சரபோஜி. 1777-ல் பிறந்த அவர், வேதநாயகத்தைவிட மூன்று வயசு சின்னவர். அரசர் சாகுந்தறுவாயில் இந்தப் பிள்ளையை சுவார்ட்ஸ் ஐயரின் பொறுப்பில் விட்டிருந்தார். ஒருவர் உபதேசியாரின் மகன், மற்றவர் ராஜகுமாரன். இருவருக்கும் குரு ஒருவரே. இவர்களுக்குள் உண்டான சிநேகம் கடைசிவரை நிலைத்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பிறகு வேதநாயகம் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டார். 1706-ல் சீகன்பால்க் ஐயர் வந்திறங்கின ஊர் அது. அங்கே டாக்டர் ஜான் ஐயர் போன்றவர்களிடம் வேதசாஸ்திரமும் கணிதமும் வானசாஸ்திரமும் படித்தார். திரும்பி வந்ததும், 1794 வாக்கில், தஞ்சாவூர் மிஷன் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்டார். அப்போது இருபது வயசுதான்!

1798 பிப்ரவரி 13-ம் தேதி சுவார்ட்ஸ் ஐயர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதே வருஷம் சரபோஜி சிங்காசனம் ஏறினார். குருவின் நினைவாக லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனிடம் சொல்லி ஒரு சலவைக்கல் சிற்பம் செய்ய வைத்தார். மரணப் படுக்கையில் கிடக்கிற ஐயரின் கையை ராஜா பிடித்துக்கொண்டிருக்கிற காட்சி. தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்துச் சபையில் இன்றும் அதைப் பார்க்கலாம். ராஜா கல்லிலே நன்றி செலுத்தினார். வேதநாயகம் பாட்டிலே செலுத்தினார்.

காதல் பாட்டை மீட்டெடுத்தவர்

அந்தக் காலத்துச் சபைகளில் பெரும்பாலும் என்ன பாடினார்கள்? ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழ் வார்த்தையில் மாற்றி, ஜெர்மன் ராகத்திலேயே பாடினார்கள். அவையும் விசுவாசத்தில் பிறந்த நல்ல பாட்டுகளே. ஆனால் ராகம் ஒருபுறம் இழுக்க, தமிழ் வார்த்தை மறுபுறம் இழுக்கும். வயலில் நாற்று நடுகிற சகோதரி நாற்று நடும்போது அதைப் பாட மாட்டாள். சபை முடிந்ததும் பாட்டும் சபையிலேயே தங்கிப் போகும்.

வெளியே தெருவிலேயோ கும்மிப் பாட்டு, ஏற்றப்பாட்டு, நொண்டி நாடகம், குறவஞ்சி என்று தமிழ் ஜனம் விடிய விடியப் பாடிக்கொண்டிருந்தது. வேதநாயகம் இந்த வடிவங்களையெல்லாம் எடுத்துக் கர்த்தருக்கென்று பிரதிஷ்டை செய்தார். ஞானக்கும்மி, ஞான ஏற்றப்பாட்டு, ஞான நொண்டி நாடகம், ஞானத்தச்சன் நாடகம், ஜெபமாலை, பேரின்பக் காதல் என்று நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் அவரிடமிருந்து பிறந்தன. ஏற்றம் இறைக்கிறவன் ஏற்றம் இறைத்துக்கொண்டே இயேசுவைப் பாடட்டும், கும்மியடிக்கிற பெண் கும்மியடித்துக்கொண்டே பாடட்டும் என்கிற வாஞ்சை!

இவற்றிலெல்லாம் பேர்போனது பெத்லகேம் குறவஞ்சி. 1800-ம் ஆண்டு வாக்கில் பாடப்பட்டது. குறவஞ்சி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, ஆகையால் சொல்லுகிறேன். ஒரு தலைவன் பவனி வருவான். பந்தடித்துக்கொண்டிருக்கிற ஒரு பெண் அவனைக் கண்டு காதல் கொள்வாள். சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. மலையிலிருந்து குறத்தி ஒருத்தி வந்து, கையைப் பார்த்துக் குறி சொல்வாள், நீ நேசிக்கிறவர் உனக்குக் கிடைப்பார் என்று. பிறகு குறத்தியின் புருஷனான சிங்கன் வலையோடு அவளைத் தேடி வருவான். இதுதான் கதை. திருக்குற்றாலக் குறவஞ்சி நாடெங்கும் புகழ் பெற்றிருந்த காலம் அது.

வேதநாயகம் என்ன செஞ்சார் பாருங்க! பவனி வருகிற தலைவர் பெத்லகேமில் பிறந்த நம் ஆண்டவர். அவரைக் கண்டு ஏங்குகிற பெண் தேவமோகினி, அவளே மணவாட்டியாகிய சபை. குறி சொல்ல வருகிற குறத்தி விசுவாசம். வலை வீசுகிற சிங்கன் ஆத்துமாக்களைப் பிடிக்கிற உபதேசி. உன்னதப்பாட்டில் சாலொமோன் பாடின அதே நேசம், தமிழ்த் தெருவில் சதங்கை கட்டிக்கொண்டு வந்தது. அது மட்டுமல்ல, தரங்கம்பாடியில் படித்த வானசாஸ்திரத்தையும் விடவில்லை. சூரியனைச் சுற்றிக் கிரகங்கள் ஓடுகிற ஒழுங்கையும் அந்தக் குறவஞ்சிக்குள் பாட்டாக வைத்தார். படிப்பு வேறே, பக்தி வேறே என்று அவர் பிரிக்கவில்லை.

உலகத்தார் காதல் பாட்டை எடுத்து ஆத்துமா என்று பேர் வைத்தார்கள். இவரோ ஆத்துமாவின் ஏக்கத்தை எடுத்துக் காதல் பாட்டாகவே பாடினார். தம்பி, இதுதான் நம்ம சோல் பாட்டு!

பாடி விட்டுவிடுகிறவர் அல்ல அவர். தம் குழுவோடு ஊர் ஊராய்ப் போய், பாடி, அர்த்தம் சொல்லி, மறுபடி பாடுவார். கிறிஸ்தவக் கதாகாலட்சேபத்துக்கு வழி திறந்தவர் என்று இவரைச் சொல்லுவார்கள். நம் சென்னைப் பட்டணத்துக்கும் வந்திருக்கிறார். சென்னப்பட்டணப் பிரவேசம் என்றே அவருக்கு ஒரு நூல் உண்டு. ஜனங்கள் அவரைத் தஞ்சை சுவிசேடக் கவிராயர் என்று அழைத்தார்கள். வீட்டிலும் பாட்டு ஓயவில்லை. மகள் ஞானதீபம் தகப்பனாரோடு பாடி வளர்ந்தாள். மகன் நோவா ஞானாதிக்கமும் அதே ஊழியத்தில் நின்றார். அவருடைய சந்ததியார் பல தலைமுறையாய் இந்தப் பாட்டுகளைக் காத்து வந்திருக்கிறார்கள்.

ராஜா கேட்ட பாட்டு

இப்போது முன்னே சொன்ன சிநேகிதருக்கு வருவோம். சரபோஜி ராஜா கல்விமான். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர். புலவர்களும் சங்கீத வித்வான்களும் நிறைந்த சபை அவருடையது. 1829-ல் வேதநாயகம் சாஸ்திரியாரையும் தம் அரண்மனைக் கவிராயராக ஏற்றுக்கொண்டு சம்பளம் கொடுத்து ஆதரித்தார். ராஜா கிறிஸ்தவர் அல்ல. ஆனாலும் சிறுவயது சிநேகிதருடைய பாட்டை விரும்பிக் கேட்டார்.

இந்த நாட்களைக் குறித்து வழிவழியாய்ச் சொல்லப்படுகிற ஒரு சம்பவம் உண்டு. கிறிஸ்துவைப் பாடின இதே நாவினால் தம் தெய்வத்தின் பேரிலும் ஒரு குறவஞ்சி பாடித் தரவேண்டும் என்று ராஜா கேட்டாராம். கேட்டது விரோதி அல்ல. கூடவே வளர்ந்தவர், சோறு போடுகிறவர், அன்பாய்க் கேட்கிறார். சாஸ்திரியார் கலங்கின மனதோடு வீடு திரும்பினாராம். ஒரு பாட்டுத்தானே என்று நினைத்திருக்கலாம். வாய் பாடட்டும், மனசு இயேசுவிடம் இருக்கட்டும் என்று சமாதானம் சொல்லியிருக்கலாம். நாமாயிருந்தால் என்ன செய்வோம்? அவரோ மறுநாள் ராஜாவின் முன் போய், இயேசு ஒருவரைத் தவிர வேறொருவரைப் பாட என் நாவுக்கு உத்தரவில்லை என்கிற அர்த்தத்தில் ஒரு பாட்டையே பதிலாகப் பாடினாராம். ஏசுவையே துதிசெய் என்று தொடங்கும் அந்தக் கீர்த்தனை அப்படிப் பிறந்தது என்று சொல்லுவார்கள். ராஜாவும் கோபிக்காமல், சிநேகிதருடைய மனச்சாட்சியை மதித்தாராம். அல்லேலூயா!

கலியாண மண்டபத்திலும் இசைக் குழுவிலும் கீபோர்டு வாசிக்க அழைப்பு வருகிற நம் வாலிபர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கட்டும். தாலந்துக்குக் கூலி வாங்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை, சாஸ்திரியாரும் சம்பளம் வாங்கினார். ஆனால் சம்பளம் வாங்கினவர் பாட்டை விற்கவில்லை.

வழக்கு

பிரியமானவர்களே, இத்தோடு முடித்தால் இது நல்ல சாட்சிக் கட்டுரையாய் இருக்கும். ஆனால் வேதாகமம் தாவீதின் சங்கீதங்களையும் சொல்லுகிறது, அவன் விழுந்ததையும் மறைக்காமல் சொல்லுகிறது. அதனால் நானும் மறைக்கக் கூடாது.

சுவார்ட்ஸ் ஐயருக்குப் பின் வருஷங்கள் செல்லச் செல்ல, தஞ்சாவூருக்குப் புதிய மிஷனெரிமார் வந்தார்கள். அவர்களுக்கும் சாஸ்திரியாருக்கும் பெரிய வழக்கு உண்டாயிற்று. வழக்கில் பல காரியங்கள் இருந்தன. ஜனங்கள் மனப்பாடமாய் அறிந்திருந்த பப்ரிஷியுஸ் ஐயரின் வேதமொழிபெயர்ப்பை விட்டு, ரேனியஸ் ஐயரின் புதிய திருத்தத்தைப் புகுத்தியது ஒன்று. தமிழ்க் கீர்த்தனைகளும் பண்டிகைப் பூக்களும் ஆலயத்துக்குத் தகாது என்றது இன்னொன்று. இதிலெல்லாம் என் மனசு சாஸ்திரியார் பக்கம்தான். தமிழன் தமிழ் ராகத்தில் தேவனைத் துதிக்கக் கூடாதா? தேவனுக்கு ஜெர்மன் ராகம்தான் பிடிக்குமா? அவர் எழுதினார், வாதாடினார். மிஷனோடு உறவு முறிந்தது. ராஜா அரண்மனைக் கவிராயராக ஏற்றுக்கொண்டது அந்த நெருக்கடியான நேரத்தில்தான்.

ஆனால் வழக்கில் இன்னொரு காரியமும் இருந்தது. அது சாதி.

அந்நாட்களில் சபைக்குள்ளேயே வெள்ளாளர் முதலானோர் ஒருபுறமும், தாழ்த்தப்பட்ட ஜனங்கள் மறுபுறமும் உட்காருவது வழக்கம். கர்த்தருடைய பந்தியிலும் முந்தினவர்கள் முன்னே, மற்றவர்கள் பின்னே. பழைய மிஷனெரிமார் இது மெல்ல மெல்ல மாறும் என்று பொறுத்துக்கொண்டார்கள். புதியவர்கள் ஒரே இருக்கை, ஒரே பாத்திரம் என்றார்கள். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் உடனே, அறவே ஒழியவேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் எத்தனையோ பேர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாஸ்திரியார் எந்தப் பக்கம் நின்றார் தெரியுமா? பழைய வழக்கத்தின் பக்கம். சாதி என்பது குடும்ப ஆசாரம், இரட்சிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதைக் கையிட்டுக் கலைப்பது கொடுமை என்று அவர் வாதாடினார்.

இதை முதல்முதல் வாசித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ராஜாவின் முன் அசையாமல் நின்ற மனுஷன், சக விசுவாசியோடு ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணத் தடுமாறினாரே! தேவமோகினி என்று ஒரே ஒரு மணவாட்டியைப் பாடினவர், அந்த மணவாட்டியை இரண்டு வரிசையாய் உட்கார வைக்கச் சம்மதித்தாரே! பாட்டு பரலோகம் வரைக்கும் போயிற்று. பாடினவரின் கால் சொந்தத் தெருவைத் தாண்டவில்லை. சபையை விட்டுப் போன அந்த சாம் குக்கூட, தன் கடைசி வருஷத்தில், நிற வித்தியாசத்தால் நொறுங்கின தன் ஜனத்துக்கு ஒரு மாறுதல் வரும் என்று ஏங்கி ஒரு பாட்டு வெளியிட்டார் என்று அந்தத் தம்பி எனக்குச் சொன்னபோது, வெட்கத்தால் நான் தலைகுனிந்தேன்.

கலாத்தியர் 3-ம் அதிகாரம் 28-ம் வசனத்தைத் தயவுசெய்து எடுத்து வாசியுங்கள். கிறிஸ்துவுக்குள் வந்தபின் நமக்குள் இருந்த பிரிவுகள் செத்துப்போயின என்று அப்போஸ்தலன் சொல்லுகிறார். நம் பெந்தெகொஸ்தே முன்னோர்களுக்கு இது புதிதல்ல. 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெருவில், அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் நடத்தின கூட்டத்தில் ஆவியானவர் இறங்கினபோது, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பலகையில் முழங்கால் படியிட்டார்கள். நிற வித்தியாசத்தைச் சட்டமாகவே வைத்திருந்த தேசத்தில் அது நடந்தது! அந்நிய பாஷையை அபிஷேகத்தின் அடையாளம் என்கிறோம். பக்கத்து சகோதரனைச் சகோதரனாக ஏற்றுக்கொள்வது எதன் அடையாளம்?

நான் செய்தது

இப்போது என் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் சாஸ்திரியாரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

நானும் தெற்கத்தி கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். தாத்தாவின் கீர்த்தனைப் புஸ்தகம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பாரம்பரியத்தில் எனக்கு ஒரு பெருமை. சில வருஷங்களுக்கு முன் சபையில் உள்ள ஒரு சகோதரன், தன் மகளுக்கு என் மகனைக் கேட்டு வீட்டுக்கு வந்தார். எத்தனையோ முழு இரவு ஜெபத்தில் என் பக்கத்தில் முழங்காலில் நின்றவர். நான் காப்பி கொடுத்து உட்கார வைத்து, முதல் கேள்வியாய் என்ன கேட்டேன் தெரியுமா? நீங்க எந்த ஊர்ப் பக்கம், உங்க ஆளுங்க யாரு என்று கேட்டேன். அவர் புரிந்துகொண்டார். முகம் வாடினது. காப்பியை முழுசாய்க் குடிக்காமல், ஜெபம்பண்ணிட்டுச் சொல்லுங்க பிரதர் என்று எழுந்து போனார். நான் ஜெபம்பண்ணவும் இல்லை, சொல்லவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்து, நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்ற பாட்டை நான்தான் நடத்தினேன். அவர் மூன்றாவது வரிசையில் கை தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்.

சாஸ்திரியாரின் வாழ்க்கையை வாசித்தபோது ஆவியானவர் அந்தக் காப்பி டம்ளரை எனக்கு ஞாபகப்படுத்தினார். அவர் வாழ்ந்தது இருநூறு வருஷத்துக்கு முன்னே. எனக்கு என்ன சாக்கு இருக்கிறது? நான் அந்தச் சகோதரன் வீட்டுக்குப் போனேன். அதற்குள் அந்த மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. திருத்த முடியாத காரியம் திருத்த முடியாததுதான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவருடைய மனைவி காப்பி கொண்டு வந்தார்கள். இருவரும் குடித்தோம். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பாட்டு முந்திப் போகிறது

சரபோஜி ராஜா 1832-ல் மரித்தார். அரண்மனை ஆதரவு பழையபடி இல்லை. மிஷனின் தயவும் இல்லை. முதிர்வயதில் சாஸ்திரியாருக்கு மிஞ்சினது பாட்டுத்தான். ஆனால் கர்த்தர் செய்ததைப் பாருங்க. மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனெரி எட்வர்டு வெப் ஐயர், தமிழ் ராகங்களில் அமைந்த கீர்த்தனைகளைத் திரட்டி 1853-ல் புஸ்தகமாய் வெளியிட்டார். அதிலே சாஸ்திரியாரின் பாட்டுகளுக்குப் பெரிய இடம். ஆலயத்துக்குத் தகாது என்று தள்ளப்பட்ட அதே கீர்த்தனைகள், அவர் உயிரோடிருக்கும்போதே மிஷன் கையாலேயே அச்சேறி, சபை சபையாய்ப் பரவின. வீடு கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லை நினைத்துக்கொள்கிறேன்.

1860-ல் அவருடைய பிறந்த மண்ணாகிய திருநெல்வேலிச் சீமையில், அருளப்பன் ஐயரின் ஊழியத்தில் பெரிய எழுப்புதல் பற்றி எரிந்தது. ஜனங்கள் பாவ உணர்வடைந்து கதறினார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். அப்போது சாஸ்திரியார் தஞ்சாவூரில் எண்பத்தைந்து வயசுக் கிழவர். 1864 ஜனவரி 24-ம் தேதி, 89-வது வயதில், அங்கேயே அவருடைய ஓட்டம் முடிந்தது. தஞ்சாவூர் மண்ணிலேயே அடக்கம்பண்ணப்பட்டார்.

இன்றைக்கு அவருடைய கீர்த்தனைகளை யார் பாடுகிறார்கள்? எந்த ஜனங்களோடு ஒரே வரிசையில் உட்காரத் தயங்கினாரோ, அந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள் பாடுகிறார்கள், பீடத்தில் நின்று போதகர்களாகவும் பாடுகிறார்கள். பாடகன் போகாத வீட்டுக்கும் பாட்டு போனது. பாடகன் உட்காராத பாயில் பாட்டு உட்கார்ந்தது. தேவன் மனுஷனுடைய குறைவைவிடப் பெரியவர் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

ஆகையால் பிரியமான தேவ பிள்ளைகளே, சாஸ்திரியாரிடம் கற்றுக்கொள்வோம். நம் மண்ணின் ராகத்தைக் குறித்து வெட்கப்பட வேண்டாம். வாலிபர்கள் புதிய பாட்டுப் பாடட்டும், கூடவே மாதத்துக்கு ஒரு கீர்த்தனையாவது கற்றுக்கொள்ளட்டும், நான் சொல்லிக் கொடுக்கிறேன். ராஜாவே கேட்டாலும் பாட்டை விற்க வேண்டாம். அவரிடம் இருந்த குறைவையும் பார்த்து எச்சரிப்படைவோம். ஞாயிற்றுக்கிழமை நாம் பாடுகிற பாட்டு முன்னே போய்விடுகிறது. திங்கட்கிழமை நம் வாழ்க்கை அதைப் பின்தொடர்கிறதா?

அடுத்த மாதம் முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை. யாருடைய வீட்டில் நீங்கள் பாதிக் காப்பியோடு ஒருவரை எழுந்து போக வைத்தீர்களோ, அதற்கு முன் அவருடைய வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். எழுப்புதல் அந்த வாசற்படியிலிருந்து தொடங்கும் என்று விசுவாசிக்கிறேன். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
பாட்டு ஊழியத்தில் உள்ள உங்கள் சகோதரன்,
திருமுடிவாக்கம்.